கொஞ்சம் அழுக்கு

சால்மியாவில் நான்காம் மாடி, பல் மருத்துவமனை.
காத்திருப்போர் நாற்காலிகளுக்கு எதிரே
ஐந்தடி நீளத்தில் ஒரு கடல்.
குழாயில் வருவது உப்பை உருவிய கடல்.
அதில் வாளி உப்பை விலைக்கு வாங்கிக் கரைத்து
மறுபடி கடலாக்குகிறான் ரோடெல்,
மாதம் இருமுறை.
சாலைக்கு அந்தப் பக்கம்
காசில்லாத கடல்
ஐம்பது டிகிரி வெயிலில் சும்மா கிடக்கிறது.

மார்ச்சில் மணலில் பழுப்பு படர்ந்தது,
ஆறிய காப்பியின் ஆடை மாதிரி.
டாக்டர் மிஷாரிக்குப் பொறுக்கவில்லை:
'பல் கிளினிக்கில் காரை பிடித்த மணலா?'
வெள்ளிச் சந்தையில் பேரம் பேசி
மூன்று சங்குகள் கொண்டுவந்தான் ரோடெல்.
மூன்றும் சேர்த்து ஏழு தினார்.

நான் தருமபுரிக்காரி.
எனக்குத் தெரிந்த சங்குகளெல்லாம் காலி.
ஊதவோ பால் புகட்டவோ
உள்ளே ஆள் இருக்கக் கூடாது.
இதில் ஆள் இருந்தது.
காம்பு நுனியில் மஞ்சள் வளையமிட்ட இரண்டு கண்.
ஒன்று என்னைப் பார்த்தது, ஒன்று விளக்கை.
நடுவே ஒரு தும்பிக்கை
மணலை முகர்ந்து முகர்ந்து
பழுப்பை மட்டும் வழித்துத் தின்றது.

ஊர்வதில்லை, எம்பும்.
கால் நுனியில் அரிவாள் மாதிரி ஒரு நகம்.
குத்தி, உந்தி, ஒரு தாவல்.
கவிழ்ந்தாலும் அப்படியே கிடக்காது,
உடலை வளைத்து நகத்தை ஊன்றி
ஒரே புரட்டில் நிமிரும்.
வேர் சிகிச்சை முடிந்து வந்த ஒருவர்
அதற்குக் கைதட்டினார்,
மரத்துப்போன பாதி வாயால் சிரித்து.

நானும் சுரண்டுகிறவள்தான்,
காலை எட்டிலிருந்து அடுத்தவர் பல்லில்.
உவமையை நான் தேட வேண்டியிருக்கவில்லை.
வரவேற்பு மேஜையிலிருந்து ஷைனி:
'அக்கா, உங்க ஆளுங்க மூணு பேரு
வேலைக்குச் சேர்ந்திருக்காங்க.'
எனக்குச் சம்பளம் வேறு, சோறு வேறு என்றேன்.
சிரிக்கத்தான் சொன்னேன்.

மே மாதம் மணல் வெளுத்தது.
சர்க்கரை மூட்டை சரிந்தது போல.
டாக்டர் படமெடுத்து நோயாளிகளுக்குக் காட்டினார்:
'தினம் இருவேளை துலக்கினால் இப்படி.'

ஜூனில் ஒன்று மணலைவிட்டு எழவில்லை.
ரோடெல் இடுக்கியால் தூக்கி
மூக்கருகே கொண்டுபோய்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
இரண்டாவதற்கு யார் மூக்கும் தேவைப்படவில்லை.
கிராம்பெண்ணெய் வாசத்தையும் மீறி
அறையே சொன்னது.
உப்பு பார்த்தான், சரி.
சூடு, சரி.
செம்பு கலந்திருக்கிறதா? இல்லை.
எல்லாம் சரி, எல்லாம் சரி என்று
துண்டில் கை துடைத்தான்.

மூன்றாவது, கண்ணாடியோரம்,
ஒரே இடத்தை நான்காம் முறை தடவிக்கொண்டிருந்தது.
அந்தத் தடவலை நான் பார்த்திருக்கிறேன்,
சுத்தமான பல்லை மேலும் மேலும் துலக்கி
ஈறு தேய்ந்து வருகிறவர்களிடம்.
ஆனால் இது துலக்கவில்லை.
பசி.
சாப்பாட்டைத் தீர்த்ததற்குத்தான்
அதைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

வியாழன் இரவு, கடைசி நோயாளி போன பிறகு,
சோறு சுருட்டுகிற கடற்பாசித் தாளில்
விரலளவு கிழித்துக்
கல்லுக்கடியில் செருகினேன்.
வலது மூலையை இனிமேல் தேய்க்காதே என்றேன் ரோடெலிடம்.
'டாக்டர் கேட்டால்?'
நாற்காலியை அரையடி நகர்த்தி வைத்தேன்.

இப்போது அந்த மூலையில்
உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு.
டாக்டர் அவ்வளவு தூரம் குனிவதில்லை.
ஆடுகிற பால்பல்லோடு வந்த ஃபவ்வாஸ் குனிந்தான்.
நாற்காலிக்குப் பின்னே நுழைந்து,
கண்ணாடியில் மூக்கு நசுங்க,
அம்மாவிடம் உரக்கச் சொன்னான்,
இங்கே அழுக்கு!
உஷ், என்றாள் அவள்.
மணலிலிருந்து ஒரு காம்பு எழுந்தது.
சற்றுப் பொறுத்து இன்னொன்று.
ஷைனி அவன் பெயரைக் கூப்பிட்டாள், இரண்டு தரம்.
அவன் வருவதாக இல்லை.