சொட்டும் இடம்

சண்டை ஒரு சாண் மணலுக்குத்தான்.
என் படுக்கையறை ஏசியின் குழாய்
சுவரைத் துளைத்து நீட்டிக்கொண்டு
சொட்டுவது அங்கேதான்.
மே மாதத்தில் ஓர் இரவுக்கு ஒன்றரை வாளி.
அளந்திருக்கிறேன்.
சோஹாரில், ஃபலஜ் அல் கபாயிலில்
சும்மா கிடைக்கும் தண்ணீர் அது ஒன்றுதான்.

நான் கறிவேப்பிலை வைத்தேன்.
அவர் புதினா வைத்தார்.
யார் முதலில் என்பதில்
இன்றுவரை இரண்டு கருத்து.

பக்கத்துப் போர்ஷன் முஃதசிம்,
சூடான்காரர், பள்ளியில் கணக்கு வாத்தியார்.
ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு
பச்சை வலையும் ஆறு இரும்புக் கம்பியும் கொண்டுவந்து
வேலி கட்டிவிட்டார்.
ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால்
என் கறிவேப்பிலை அந்தப் பக்கம்,
வலைக்கண் வழியே ஒரு கொத்தை மட்டும் நீட்டிக்கொண்டு
மனு கொடுக்க வந்த ஆள் மாதிரி.

கம்பியைப் பிடுங்கித் தள்ளி நட்டேன்.
மறுநாள் அவர்.
அதற்கு மறுநாள் நான்.
ஒரு வாரம் அந்த வேலி
நடந்துகொண்டே இருந்தது.

எனக்கு அரைகுறை அரபி, அவருக்கு அரைகுறை ஆங்கிலம்.
மண் என்னுடையது என்றார்.
தண்ணீர் என்னுடையது என்றேன்.
கரண்ட் பில்லும், என்று சேர்த்துக்கொண்டேன்.
அவர் புதினாவைக் காயப்போட வேண்டுமென்றே
ஒரு ராத்திரி ஏசியை அணைத்துப் படுத்தேன்.
இருபது நிமிடம்.

வீட்டுக்காரர் கல்ஃபானுக்குத் தனித்தனியாக போன் போட்டோம்.
லேண்ட் குரூசரை அணைக்காமலே இறங்கி வந்தார்.
க்ரூக்கியை விரித்து பானெட் மேல் வைத்தார்.
சுற்றுச்சுவர் நாலு பக்கமும் இருந்தது,
நகராட்சி முத்திரை இருந்தது,
நடுவில் கோடே இல்லை.
இரண்டும் என் வீடு, எதை அளக்கச் சொல்கிறீர்கள் என்றார்.
குனிந்து நாலு இலை புதினா கிள்ளி
வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி தம்பி கூப்பிட்டான்.
வாய்தா மறுபடியும் தள்ளிப்போச்சு,
வக்கீலுக்கு எட்டாயிரம் அனுப்பு.
பெரியப்பா மகனோடு வரப்பு வழக்கு, பன்னிரண்டு வருடம்.
நான் அனுப்பிய பணத்தில் இந்நேரம்
அந்த வயலையே வாங்கியிருக்கலாம்.
'இன்னைக்கு ஒரு சாண்னு விட்டா
நாளைக்கு ஒரு முழம் வருவான்' என்றான்.
காலையில் இதையேதான்
முஃதசிமிடம் அரபியில் சொல்லியிருந்தேன்.
வினைச்சொல் மட்டும் தப்பு.

மறுநாள் கடையில் ஒரு டீ ஜாயின்ட் வாங்கினேன்,
முக்கால் இஞ்ச், இருநூறு பைசா.
பதினெட்டு வருடமாகக் குழாய் பொருத்தியே பிழைக்கிறவனுக்கு
இது தோன்ற இத்தனை நாள்.

இரவு பத்து மணிக்கு ரம்பத்தை வைத்து அறுத்தபோது
சத்தம் கேட்டு டார்ச்சோடு வந்தார்.
முதலில் என் முகத்தில் அடித்தார்.
பிறகு கையில்.
பிறகு குழாயில் அடித்து
அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.
பசை காயும் வரைக்கும் ஒருவரும் பேசவில்லை.
கடைசியில் அவர்தான் கேட்டார்:
இரண்டு பக்கமும் சமமா?
சமம் என்றேன்.

சமம் இல்லை.
சுவரே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது.
ரசமட்டம் வைத்த எனக்குத் தெரியும்.
தினமும் வாளி வைத்துப் பார்க்கும்
கணக்கு வாத்தியாருக்கும் தெரியும்.

வேலி அவர் போட்ட இடத்திலேயே நிற்கிறது.
கறிவேப்பிலையும் அங்கேயே.
தொட்டால் கை நாறுகிறது என்கிறார்,
இருந்தாலும் சனிக்கிழமைகளில்
ஒரு கொத்து வலையில் செருகியிருக்கும்.

தம்பிக்கு எட்டாயிரம் அனுப்பியாயிற்று.
டீ ஜாயின்ட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
வரப்பில் ஏது ஏசி.