மாடி

அக்கினி நட்சத்திரத்தில் வந்திறங்கினாள் நோரா,
சத்துவாச்சாரிக்கு,
பெட்டியில் ஒரு மழைக்கோட்டோடு.
சிரிப்பை நான் அடக்கவில்லை.

ஆறு இருக்கு, தண்ணி இல்ல.
கோட்டை இருக்கு, ராஜா இல்ல.
பிள்ளைகள் ஊரைச் சொல்லிக்கொடுக்க
அதையே இங்கிலீஷாக்கிப்
பாடம் நடத்திவிட்டாளாம்.
ஃபேன் ஓடவில்லை என்பதற்கு மட்டும்
வார்த்தையில்லாமல்
என் வாசலில் நின்று விரலைச் சுற்றினாள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி, மணி இரண்டு.
தடதடவென்று படியிறங்கிக் கதவைத் தட்டுகிறாள்:
"அக்கா, தண்ணி வுட்டாங்க!"

வுட்டாங்க.
எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த 'வு'வை
எந்தக் குழாயடியில் பிடித்தாளோ.

வாடகை நோட்டில்
'வெள்ளைக்காரம்மா'வை அடித்துவிட்டு
'மாடி' என்று எழுதினேன்,
முன்பு குடியிருந்தவர்களுக்கு எழுதியதுபோல.

மழைக்கோட்டா?
கொசு இறங்காமல்
தண்ணி டிரம்மைப் போர்த்தியிருக்கிறது.