எந்த நன்றி

பரானா ஆற்றங்கரைத் துறைமுகத்தில்
எனக்குக் கிடைத்த முதல் சொத்து மஞ்சள் மேல்சட்டை.
ஆண் அளவு. கைகளை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டேன்.
அட்டையில்: நெலீதா பிரிங்காஸ், பாதுகாப்பும் சுகாதாரமும்.
ஆட்கள் வைத்த பெயர்: கூடாதம்மா.

முதல் மாதம் திரையில் நாற்பத்திரண்டு படங்கள் காட்டினேன்.
அம்புக்குறிகள், சதவீதங்கள்,
கல்லூரியில் மதிப்பெண் வாங்கித் தந்த அதே சொற்கள்:
இடர் மதிப்பீடு, தணிப்பு நடவடிக்கை.
வெளியே சோயா லாரிகள் மூன்று கிலோமீட்டருக்கு நின்றன.
உள்ளே இருபத்தாறு பேர் கண்ணைத் திறந்தபடி தூங்கினார்கள்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.
ஆனால் எங்கோ கன்வேயரில் ஒரு பேரிங் தேய்வதை
ஓவிதியோ தூக்கத்திலும் கேட்பான்.
என் சங்கில்தான் காற்று இல்லை.

கையெழுத்து வாங்கினேன்.
கையெழுத்துகள் அழகாக இருந்தன.

விடியற்காலை, எடைமேடைக்குப் பின்னால்
ஒரே சுரைக்குடுவை, ஒரே உலோகக் குழல்,
மாத்தே இலையின் கசப்பு கை மாறிப் போகும்.
அந்தக் கசப்பில் வளர்ந்தவள்தான் நானும்;
வேலை கிடைத்ததும் இயந்திரக் காப்பிக்கு மாறியிருந்தேன்,
யாரும் சொல்லாமலே.
ஒருநாள் காகிதம் எதுவும் இல்லாமல் போய் உட்கார்ந்தேன்.
எங்கள் வட்டத்தில் சட்டம் ஒன்றே ஒன்று:
குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி என்றால்
எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
நான் நன்றி சொல்லவில்லை.

நான்காம் சுற்றில் எல்வியோ தரையைப் பார்த்துச் சொன்னான்:
"ஆறாம் சைலோவின் மேல்மூடியை யாரும் பூட்டுவதில்லை."
ஐந்தாம் சுற்றில்:
"தானியம் கட்டிபிடித்து மேலே கூரை மாதிரி நிற்கும்.
அடியில் ஒன்றும் இருக்காது.
கம்பியோடு இறங்கி மிதிப்போம்."
"திருகு மோட்டாரை நிறுத்திவிட்டுத்தானே?"
"நிறுத்தினால் கப்பல் காத்திருக்கும்."
ஆறாம் சுற்றில் யாரும் பேசவில்லை.
வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

தெரியாத பாடமா எனக்கு?
தானியம் தண்ணீர் மாதிரி இழுக்கும், கல் மாதிரி பிடிக்கும்.
மூச்சு வெளியே போகும்போதெல்லாம்
நெஞ்சு காலிசெய்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
புத்தகத்தில் இதெல்லாம் இருந்தது.
எல்வியோவின் காலணி இல்லை,
அதன் கிழிசலில் சிக்கியிருந்த ஒரு சோயா மணி இல்லை.

பொறியாளர் சானெத்திக்கு இருபது பக்கம் எழுதவில்லை.
ஒரு தாள், மூன்று வரி:
ஆறாம் சைலோ. மோட்டார் ஓடும்போது உள்ளே ஆள்.
பூட்டு ஒன்று போடுவோம்; சாவி ஒன்றுதான்;
அது இறங்குகிறவன் பையில்.
"கப்பல் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு தெரியுமா?"
தெரியும். இரண்டாம் தாளில் அந்த எண்தான் இருந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"உன்னிடம் இதை யார் சொன்னது?"

இந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்
என்று அந்த நொடியில் புரிந்தது.
"சுற்றிப் பார்த்தேன்" என்றேன்.

பூட்டு வந்தது. சிவப்பு நிறம்.
மூன்றாம் வாரம், நள்ளிரவு தாண்டி அலைபேசி அலறியது:
எல்வியோ ஏறி வந்து, குளித்து,
பையில் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டான்.
மோட்டார் அசையவில்லை. கப்பல் நின்றது.
ஒருவர் மிச்சமில்லாமல் என்னைத் திட்டினார்கள்,
என் அம்மாவையும் சேர்த்து.
ஆள் போய் எழுப்பி வாங்கிவர இரண்டு மணி நேரம்.
நான் திரும்பப் படுத்து
அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

போன மாதம் தலைநகரில் பெரிய பதவிக்கு நேர்முகம்.
கண்ணாடி மேசை, மூன்று பேர்.
"உங்கள் சாதனை என்று எதைச் சொல்வீர்கள்?"
"ஒரு கப்பலை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தேன்" என்றேன்.
ஒருவர் பேனாவை மூடினார்.
ஒருவர் எழுத ஆரம்பித்தார்.
நடுவில் இருந்த பெண்மணி நன்றி என்றார்.

எந்த நன்றி என்று
இன்னும் தெரியவில்லை.