இனம் என்ற கட்டம்

பாலிக் புலாவில், டுரியான் மரங்களுக்கு நடுவே
லாரியின் பலகை இறங்கியது.
முதலில் வந்தது ஒரு குளம்பு.
நாசி கண்டார் தட்டளவு. மிகையில்லை, அளந்தேன்.
பிறகுதான் குதிரை.

ரிசார்ட்டில் கல்யாண வண்டி இழுக்க வாங்கியதாம்.
காகிதம் வழியில் எங்கோ தங்கிவிட்டது.
"ஷயர், ஷயர்" என்கிறார் தவுக்கே இயோ,
விலை சொல்லும் அதே குரலில்.
டாக்டர் ஃபாரிடா ஜுருவில், ஒரு பசுவின் பிரசவத்தில்.
போனில் சொன்னார்: பார்த்ததை எழுது.

பார்த்தேன்.
முழங்காலுக்குக் கீழே மயிர்,
பட்டுபோல் வெள்ளையாய்க் குளம்பை மூடி வழிகிறது.
உள்ளே மழைச்சேறு ஊறிய நாற்றம்.
பெர்ஷெரோன் இல்லை. அதற்குக் கால் மொழுமொழுவென்றிருக்கும்.
பெல்ஜியமும் இல்லை. அது செம்பட்டை, பிடரி மட்டும் வெளிறியது.
மூக்குத்தண்டில் உள்ளங்கை வைத்தேன்.
ஷயர் என்றால் அங்கே லேசாய் ஒரு வில் வளையும்.
இது நேர், கதவுப்பலகைபோல்.
அடிவயிற்றில் யாரோ சுண்ணாம்பு உதறிய திட்டுகள்.
பின்னால் போய் நின்றேன்
(போகக்கூடாது என்பதுதான் முதல் பாடம்):
பின்னங்கால் மூட்டுகள் இரண்டும்
நெரிசல் பஸ்ஸில் நிற்கும் பெண்ணின் முழங்கால்களாய்
ஒன்றையொன்று ஒட்டி.

கிளைடெஸ்டேல்.
கிட்டத்தட்ட நிச்சயம்.

மலாயில் குதிரைக்குப் பாக்கா, மனிதனுக்குப் பங்சா.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.
பேனா அந்தக் கட்டத்துக்கு வந்து
சற்று நின்றது.

காலையிலிருந்து தவுக்கே என்னிடம் ஹொக்கியனில்தான் பேசுகிறார்,
கண்ணைப் பார்த்து, தோலைப் பார்த்து,
கேட்காமலே.
நான் மலாயில் பதில் சொல்கிறேன்.
இப்போதுதான் சட்டையின் பெயர்ப்பட்டையைக் கவனிக்கிறார்:
குமுதவல்லி ஏ/பி வீராச்சாமி.
படித்தார். என் முகத்தைப் படித்தார்.
மறுபடியும் பட்டை.
"தத்துப் பிள்ளையா?"

"பல்லைப் பாருங்கள்," என்றேன்,
"ஏழு வயது இருக்கும்."

குதிரை வியர்த்துக்கொண்டே இருந்தது.
"ஓரமா நில்லுடா" என்றேன்,
வீட்டில் எங்கள் அப்பா எருமையிடம் சொல்வதுபோல.
அது நகரவில்லை. தமிழ் புரியாத குதிரை;
அதன்மேல் எனக்குக் கோபமுமில்லை.

கால்மயிரைப் பிரித்துப் பார்த்தால்
தோலில் சிவப்பாய்ப் பூஞ்சை தொடங்கியிருக்கிறது.
இந்த ஊர் ஈரத்துக்கு அந்தப் பட்டு ஆகாது.
"மழித்துவிடுங்கள்" என்றேன்.
தவுக்கே பதறினார்:
அதற்குத்தானே இத்தனை காசு,
கல்யாணப் படத்தில் அதுதானே தெரியவேண்டும்,
மழித்தால் யாருக்குத் தெரியும் இது என்ன குதிரையென்று?

இனம்: கிளைடெஸ்டேல்.
சிகிச்சை: நான்கு காலும் மழிக்கவும், தினமும் உலர்த்தவும்.
கையெழுத்தின் கீழே முழுப்பெயர் கேட்டிருந்தது.
எழுதி முடிப்பதற்குள்
பின்னாலிருந்து ஒரு பெரிய, ஈரமான மூச்சு.
என் தொப்பியைத்
தின்னத் தொடங்கியிருந்தது.