ஒப்பந்தக் காலம்: ஓராண்டு

காலை ஐந்து நாற்பதுக்கு
ஒன்பது கேமராக்களையும் திறக்கிறேன்.
சுங்கை பீசி டோலில் இன்னும் இருட்டு.
கெசாஸ் ஓரத்தில் ஒரு லாரி
விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டித்
தன் சோர்வை ஊருக்குச் சொல்கிறது.
அதையேதான் நானும் சொல்வேன்
ஆறு பத்துக்கு,
கொஞ்சம் சிரிப்பைச் சேர்த்து.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.
விடியலில் நிலையத்து வேன் ஏற்றி வரும்.
கோலாலம்பூர் கார்களுக்கெல்லாம் வழி சொல்லிவிட்டு
மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி
நின்றுகொண்டே வீடு போவேன்.

வானொலியில் என் பெயர் மேகா.
முதல் நாள் தயாரிப்பாளர்
கோப்பியை ஆற்றிக்கொண்டே வைத்த பெயர்.
ஐசியில் நான் நாகவள்ளி, மாடசாமியின் மகள்.
"இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது" என்று
கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா,
என்னிடமே.
கேலியா, மறதியா,
கேட்டுக்கொள்ளவில்லை.

மரண அறிவிப்பு வாசித்தேன் முதலில்.
பிறகு தங்க விலை, ராசிபலன்,
இரவு இரண்டு மணிக்குப் பாட்டுக் கேட்கும்
காவலாளிகளோடு பேச்சு.
முதலாளிகள் மூன்று பேர் மாறினார்கள்.
சின்னம் நான்கு முறை நிறம் மாறியது.
கூட இருந்த பூங்குழலி காப்புறுதி விற்கப் போனாள்.
சார்லஸ் கல்யாண மேடைகளில் பேசப் போய்
என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறான்.
நான் போகவில்லை.
பிடிவாதம் என்று சொல்ல ஆசைதான்.
கூப்பிட்டவர் யாருமில்லை என்பதும் உண்மை.

டிசம்பர்தோறும் மூன்று பக்கக் கடிதம் வரும்.
காலம்: ஓராண்டு.
மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து.
இப்படி இருபத்திரண்டு.

போன செவ்வாய்
பிரிக்பீல்ட்ஸ் வங்கியில், வீட்டுக்கடனுக்காக.
மேசைக்கு அந்தப் பக்கம்
ஹரிவதனன் என்றது பெயர்ப்பட்டை.
தலை நிமிராமல் தட்டினான்.
"வீடு எங்க?"
"பழைய கிள்ளான் சாலை."
விரல் நின்றது.
"இன்னொரு தடவ சொல்லுங்க."
சொன்னேன்.
"அக்கா! மேகாவா நீங்க?
இன்னைக்குக் காலையில நீங்க சொல்லித்தான்
கூட்டரசு நெடுஞ்சாலைய விட்டு
அந்தப் பக்கமா வந்தேன்,
ஒரு ஜாம் இல்ல!"

அப்புறம் படிவம்.
நிரந்தரம், ஒப்பந்தம் என்று
கட்டங்கள் இரண்டே இரண்டு.
"இருபத்திரண்டு வருஷம்" என்றேன்.
"தெரியுது லா அக்கா" என்றான்,
இரண்டாவதில் கோடு போட்டான்.
எல்லாக் கடிதத்தையும் நகலெடுத்துத் தந்தால்
மேலே கேட்டுப் பார்ப்பானாம்.

என்னிடம் பத்தொன்பதுதான் இருந்தன.
ஒன்று வெள்ளத்தில் போனது.
முதல் இரண்டை நான் எடுத்து வைக்கவே இல்லை;
அடுத்த வருஷம் இருப்பேன் என்று
யார் கண்டது?

அந்த வீடு ஒன்பதாம் மாடி.
அடுப்படியில் ஒரே ஒரு ஜன்னல்.
ஐந்தாம் கேமராவில் நான் பார்க்கும் சாலைதான்
கீழே ஓடுகிறது, ஆனால் எதிர்ப்புறமாய்.
இத்தனை வருஷம் முதுகுகளை, சிவப்பு விளக்குகளை மட்டுமே
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அந்த ஜன்னலில் முகங்கள் வருகின்றன,
வெள்ளை வெளிச்சத்தோடு.
தரகர் தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.
நான் அங்கேயே நின்றேன்.

வங்கியிலிருந்து இன்னும் பதில் இல்லை.

ஆறு பத்து.
சிவப்பு விளக்கு எரிகிறது.
பழைய கிள்ளான் சாலை மூன்றாவது மைலில்
குழாய் உடைந்து இரண்டு தடம் தண்ணீரில்.
ஹரிவதனன் கிளம்பியிருப்பான் இந்நேரம்.
தம்பி, இன்று ரயிலில் வந்துவிடு
என்று தொண்டைவரை வந்ததை விழுங்கி,
"வாகனமோட்டிகளே" என்று தொடங்கினேன்,
கொஞ்சம் சிரிப்பைச் சேர்த்து.