காரணம் என்ற கட்டம்

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தை
மூன்று நாளாய் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.
இருபத்தெட்டு வருஷத்தில்
பிரசவம், அம்மை, நாத்தனார் கல்யாணம்,
கூரைத் தகரம் பறந்துபோனது வரை எழுதியாயிற்று.
புலி பார்க்க என்று எப்படி எழுதுவது?
அதுவும் புலியில்லை,
புலிக்கும் சிறுத்தைக்கும் நடுவில் ஒன்று.
ஜாகுவார் என்றால்
கார் வாங்கவா சிஸ்டர் என்பார் டாக்டர்.

ருக்கிதான் ஆரம்பித்தாள்.
லேபில், மைக்ராஸ்கோப்புக்கு மேலே
அட்லஸிலிருந்து கிழித்த ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறாள்.
பிரேசிலின் இடுப்பில் நீலக் கோடு போட்ட பச்சை.
"நம்ம நீலகிரி எத்தனை போடலாம் இதுக்குள்ள?"
பத்து என்றேன்.
கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினாள்.
அறுபதுக்கு மேல்.
மழையில் அத்தனையும் குளம்,
வடிந்தால் புல்.
கோத்தகிரிச் சரிவில் ஏறியிறங்கித் தேய்ந்த
எங்கள் நாலு முழங்காலுக்கும்
மேடே இல்லாத ஒரு தேசம்.

ஜூலையில் வா, ஆகஸ்ட்டில் வா என்கிறார்கள்.
தண்ணீர் சுருங்கச் சுருங்க
எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்துவிடுமாம்,
முதலை, நீர்நாய், ஆளுயரக் கொக்கு, அதுவும்.
இங்கே அப்போதுதான்
இருமலும் சளியுமாய் வார்டு நிரம்பும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருந்தால்தான்
திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள்.
இந்த மலையில் எத்தனை ஆயிரம் கையில் குத்தியிருப்பேன்,
எனக்கு ஒன்று வேண்டுமானால் கிண்டிக்குப் போகவேண்டும்.
நல்ல கொசுவலைக்கு மேட்டுப்பாளையம்.

ருக்கிக்கு ஒரு ஏக்கர் தேயிலை உண்டு,
எந்தச் செலவையும் பச்சை இலையாக்கித்தான் பார்ப்பாள்.
விமானம் ஒன்பது டன்.
படகு, நாளொன்றுக்கு எண்ணூறு கிலோ.
வழிகாட்டிக்கு இனாம் தனி, அது ஒரு மூட்டை.

பாஸ்போர்ட்டுக்குப் பழைய தாள் கேட்டார்கள்.
அப்பாவின் குடும்ப அட்டையைக் கொண்டுபோனேன்.
பிறந்தது அட்டன்.
கப்பலேறியது தலைமன்னார்.
எங்கள் வீட்டில் கடல் தாண்டியது
இதற்கு முன் அந்த ஒரு தடவைதான்.
அதற்கு யாரும் திட்டம் போடவில்லை,
தேதியை அரசாங்கமே குறித்துக் கொடுத்தது.

கீழ்வீட்டு ஜெரால்டு சிரிக்கிறார்.
"எதுக்கு இத்தனை லட்சம்?
எங்க ஜிம்மியத் தூக்கினது கேமராவுல இருக்கு,
ஓசியிலயே பாருங்க."
பார்த்தேன். பதினாலு விநாடி.
அது போன பிறகும்
சங்கிலி ஆடிக்கொண்டேயிருந்தது.
இதைப் பார்க்கத்தான் போகிறோமா என்று
ராத்திரி ருக்கியைக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு என் செருப்பு நம்பர் கேட்டாள்,
ரப்பர் பூட்ஸ் வாங்க.

நேற்று முன்பணம் அனுப்பக் கடைசி நாள்.
பாங்க் நாலு மணி வரை.
இரண்டு பத்துக்குக் கதவைத் திறந்தால்
கேட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை,
என் மேரக்காய்ப் பந்தலை
அவசரமில்லாமல் மென்றுகொண்டு.

பூஞ்சை பிடிக்காமலிருக்க
அரிசி டின்னுக்குள் புதைத்திருந்த பைனாகுலரை எடுத்து
ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
பழுப்பாய் ஒரு இருட்டு.
திருகினேன், இன்னும் திருகினேன்.
இவ்வளவு பக்கத்தில் இருப்பது இதில் தெரியாது.

மூன்றே முக்காலுக்குப் போன் செய்தேன்.
"காட்டெருமை நிக்குது. போக முடியல."
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"எத்தனை?"
"ஒண்ணு."
"ஆணா?"
"ஆண்தான்."
"எப்பயிருந்து?"
சொன்னேன்.
"எழுதி வை. அங்க போய்த் தடுமாறக்கூடாது.
பணத்துக்கு ஒரு நாள் கேட்டுக்கலாம்."

கைக்கு அகப்பட்ட தாளில் எழுதினேன்:
2.10 முதல். ஒன்று. ஆண்.
இடது கொம்பு நுனி உடைந்தது.
மேரக்காய், கொடியோடு.
வாலில் சாணி காய்ந்திருக்கிறது.
4.25க்கு, தானாக, சர்ச் பக்கம்.

எழுதி முடித்துத்தான் பார்த்தேன்,
காரணம் என்ற கட்டம் நிறைந்து
கையெழுத்துப் போடும் இடம் வரை வழிந்திருந்தது.

வேறு விண்ணப்பம் வாங்கவேண்டும்.