அஞ்சு யூனிட்

நேற்றும் இதே மூன்று இட்லி.
இதே கம்பெனி பஸ், இதே ஜன்னல் சீட்டு,
பாலாற்றுப் பாலத்தின் மேல் இதே குலுக்கல்.
பதினோரு மணிக்கு நேற்று நூற்றுப் பத்து.
இன்று அறுபத்து நாலு.
ஏனென்று கேட்டால் சொல்ல
மிஷினுக்கு வாய் கிடையாது.

பதினோரு வயதிலிருந்து போடுகிற கணக்கு இது.
இப்போது முப்பத்திரண்டு.
வாலாஜா ஸ்கூலில் எந்த டீச்சரும் இப்படிக் கொடுத்ததில்லை,
கேள்வி அதே, கூட்டல் அதே,
விடை மட்டும் தினம் வேறே.

வெயில் ஏறினால் இறங்கும்.
வீட்டுக்குத் தூரமாவதற்கு முந்தின மூன்று நாள் ஏறும்.
சூப்பர்வைசர் கத்தினால் ஏறும்,
அதே கத்தலுக்குச் சில நாள்
இறங்கியும் இருக்கிறது.
வேலூர் டாக்டரம்மா என் நோட்டில் ஒரு தேதியை வட்டமிட்டு
"இங்க என்ன நடந்தது யுவராணி?" என்பார்.
அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை டாக்டர்.
அதைத்தான் இரண்டு வருஷமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

*

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை.
அம்சவேணி மகனுக்கு பாலிடெக்னிக்கில் சீட்டு.
ஆற்காட்டிலிருந்து இரண்டு கிலோ மக்கன் பேடா.
"நீதான் துன்னமாட்டியே, நீயே குடுத்துனு வா" என்று
டப்பாவை என் கையில் வைத்தாள்.
நான்கு வரிசை தையல் மிஷின், நாற்பத்தாறு பேர்.
ஜீரா விரலிடுக்கில் வழிந்தது.
மேல்கோட்டில் துடைத்துக்கொண்டேன்.
நாக்கில் வைக்கவில்லை. இதை எழுதியே வைக்கிறேன்.

சோற்றுக்கு முன் குத்தினேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை, பயம் யோசித்தது.
சோற்றுக்கு ஆறு, ஏறினதற்கு அஞ்சு.
பாத்ரூம் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து
வயிற்றில் போட்டுக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்கு
ஷூவின் மேல்தோலில் என் நேர்க்கோடு
பாம்பாக நெளிந்தது.
கட்டின் மேல் அளவுச் சீட்டு. முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று
சத்தமாகப் படித்தேனாம்.
காதுக்குள் ஃபேன் ஓடியது. முதுகுத்தண்டில் வேர்வை ஊர்ந்தது.
தில்ஷாத் வந்து தோளைத் தொட்டாள்.
அவளை நான் என்ன சொன்னேன் என்று
இன்றுவரை அவள் சொல்லவில்லை.
என் விரலை அவளேதான் குத்தினாள்.
ஷூ முப்பத்தொன்பது. நான் முப்பத்தேழு.

"வாயத் தொறடி."
டப்பாவின் மூலையில் மீந்திருந்த இரண்டு பேடா.
இருபது வருஷமாகத் தொடாத அது
மேலண்ணத்தில் ஒட்டி, உடைந்து,
உள்ளே முந்திரி கடிபட்டது.
நன்றாகத்தான் இருந்தது. அழுகை வந்ததற்கு
அதுவும் ஒரு காரணம்.

"ஒளிச்சி வெச்சி துன்னுருக்கா,
அதான் ஏறிருச்சி, அதான் இம்மா மருந்து."
மூன்றாவது வரிசையில் யாரோ.
எழுந்து பதில் சொல்லக் கால் இல்லை.

*

சாயங்காலம் பாலத்தின் மேல் பஸ் நின்றது.
கீழே மணலில் இரண்டு பேர் ஊற்று தோண்டினார்கள்.
ஒருவனுக்கு முழங்கை ஆழத்திலேயே தண்ணீர்.
பத்தடி தள்ளி இன்னொருவன்
இடுப்பளவு இறங்கியும் மணலையே அள்ளினான்.
பார்த்துக்கொண்டே விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.
ஏலக்காய்.

நான் தின்னவில்லை.
விரல் தின்றிருக்கிறது.
ஜீராவை அளந்து அதற்கு
எனக்கு ஊசி போட்டிருக்கிறேன்.

சிரித்தேன். பக்கத்து சீட்டில் தில்ஷாத்
மறுபடி இறங்கிவிட்டதோ என்று
பையிலிருந்து குளுக்கோஸை எடுத்தாள்.

*

மறுநாள் காலை
சோப்பு போட்டு, நகக்கண் தேய்த்து, முழங்கை வரை கழுவி,
துடைத்து, காயவிட்டுக் குத்தினேன்.
இருநூற்று நாற்பத்தொன்று.
வேறு விரல்.
இருநூற்று முப்பத்தாறு.
ஆக, இந்தமுறை நானேதான்.

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்,
"இட்லி ரெண்டா, மூணா?"